புங்கேரிக் குழியில் கிடைத்த மூக்குத்தி

"உசுரோட கீறாருன்னு அம்பது வருசமா நம்பிக்கினு இருந்த ஒருத்தர, ஒரே வார்த்தையில நீயே சாவடிக்கணும்னா, செய்வியா?"

பாப்பம்மாள் போயும் போயும் என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்த வேலையிலும் ஒரு மாதம் தாங்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் கேட்ட கேள்விகளுக்கே அரைகுறையாக எழுதியவன் நான். கூழ்ச் சொம்பைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் யார், எதற்காக அப்படிக் கேட்டாள், பிறகு என்ன செய்தாள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரகடம் சாலையில் புங்கேரி நிறுத்தத்துக்கு எதிரே வேப்பமரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டியிருக்கும். அதன் கீழே இரண்டு அலுமினியக் குண்டான், ஒரு பலகை, ஒரு தட்டு மோர் மிளகாய். அதுதான் பாப்பம்மாளின் கூழ்க்கடை. எங்கள் பக்கம் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்து, இன்னொன்றுக்கு நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். கடப்பாரை ஆட்களும் லாரிக்காரர்களும் அவளிடம்தான் கூழ் குடிப்பார்கள். அறுபது வயது தாண்டியிருந்தாலும் குரல் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை போகும்.

கூழைவிட அங்கே அதிகம் பரிமாறப்பட்டது பாப்பம்மாளின் அண்ணன் கதை.

"இன்னா பாப்பம்மா, ரங்கூன்ல அண்ணன் மில்லு எப்படி ஓடுது?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

"அதுக்கின்னா, ஷோக்கா ஓடுது. பெரிய பையன் கணக்குப் பாக்குறான். சின்னவன்தான் உன்ன மாரி. துன்னுட்டு ஊர் சுத்துறான்."

"அண்ணி எப்படி? பர்மாக்காரியாமே?"

"பர்மாக்காரின்னா இன்னா? எங்கண்ணன் சொல்லிக்குடுத்து இப்ப கருவாட்டுக் கொழம்பு வெக்கிறா. உன் பொண்டாட்டிய வெக்கச் சொல்லு பாப்போம்!"

அரிசி மில், பர்மாக்கார அண்ணி, இரண்டு பிள்ளைகள், முற்றத்தில் ஒரு கொய்யா மரம் எல்லாவற்றையும் பாப்பம்மாளே உண்டாக்கியிருந்தாள். ரங்கூனிலிருந்து ஒரு தபால்கூட வந்ததில்லை. கேட்பவர்களுக்கும் அது தெரியும், சொல்பவளுக்கும் தெரியும். ஆனால் அந்த விளையாட்டுக்குள் விளையாட்டில்லாத ஒன்றும் இருந்தது. அமாவாசைக்கு அவள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புருஷனுக்கும் இலை போட்டுப் படைப்பார்கள். அண்ணனுக்குப் படைத்ததில்லை. உயிரோடு இருப்பவருக்கு யாராவது படைப்பார்களா?

அண்ணன் பெயர் குப்பன். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டில் தாண்டவில்லை. அதனால் குப்பன் பிறந்ததும் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து ஒரு முறம் தவிட்டுக்கு வாங்குவதுபோல வாங்கி வந்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்றுதான் அந்தப் பெயரும். மூக்கையும் குத்திவிட்டார்கள். கல்யாணத்தன்று மூக்குத்தியைக் கழற்றி வல்லக்கோட்டை முருகன் உண்டியலில் போடுவதாக அம்மாவின் வேண்டுதல். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே குப்பன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்போது பாப்பம்மாளுக்கு ஒன்பது வயது.

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்து, நம் ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே திரும்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டத்தைப் புங்கேரியில் கொட்டகை போட்டுத் தங்கவைத்தார்கள். அதில் குப்பனும் இருக்கிறார் என்று கண்டவர்கள் வந்து சொன்னார்கள். அம்மா ஒரு சட்டி கூழோடு ஓடினாள். உள்ளே காலரா, யாரையும் விடமாட்டோம் என்று வேலியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை போனபோது கொட்டகையைக் கொளுத்தியிருந்தார்கள். செத்தவர்களை ஒன்றாகப் புதைத்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். ஒரு கூட்டம் வேலி தாண்டித் தப்பித்துவிட்டதாகவும் சிலர் சொன்னார்கள். அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனபின் பாப்பம்மாள் பிடித்துக்கொண்டாள்.

1991 ஆடி மாதம் கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பக் கடக்கால் தோண்டியபோது எலும்புகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக நிறைய. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் போலீஸுக்கு ஒரு சைக்கிள் டியூப் வெடித்தாலும் தூக்கம் போய்விடும். மூன்று ஜீப் வந்தது. குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, திருமலை என்ற கான்ஸ்டபிளைக் காவலுக்கு உட்காரவைத்தார்கள். அவர் இரண்டு வேளையும் பாப்பம்மாளிடம்தான் கூழ் குடித்தார்.

பிறகு டாக்டர் பெருந்தேவி வந்தார். காஞ்சிபுரத்துக்காரர். மருத்துவக் கல்லூரியில், இறந்தவர்களின் உடம்பைப் பார்த்து எப்படி இறந்தார்கள், யார் என்றெல்லாம் கண்டுபிடிக்கும் பாடத்தை நடத்துபவர். குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டச் சொல்லி, கீழே உட்கார்ந்து, கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைத் தள்ளினார். தள்ளிய மண்ணை ஒரு பிடி விடாமல் சல்லடையில் சலித்தார். கறிவேப்பிலையைக்கூட இத்தனை பொறுமையாக ஆய்ந்து தான் பார்த்ததில்லை என்று கூழ் குடிக்க வந்த திருமலை சொன்னார்.

"இது கொலை இல்ல. ரொம்பப் பழசு," என்று டாக்டர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டார். வலது தொடையெலும்புகளை மட்டும் எண்ணிப் பதினான்கு பேர் என்றார். கூடவே கிடைத்த ஈயக் குவளையும் பர்மாக் காசும் மற்றதைச் சொல்லிவிட்டன. அகதிக் கொட்டகையின் குழி அது.

சேதி பரவியதும் மணிமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கோதண்டம் வந்தார். கொட்டகையிலிருந்து பிழைத்தவர் அவர். அப்போது ஆறு வயது. அவர் அம்மா பிழைக்கவில்லை.

"எங்கம்மா மொகம் ஞாபகம் இல்லக்கா," என்றார் பாப்பம்மாளிடம். "என்னத் தூக்கிக்கினு நடந்தாங்க பாரு, அப்ப வெயில்ல மூக்குத்தி மின்னுச்சு. அது மட்டும்தான் ஞாபகம்."

பாப்பம்மாள் அவருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். குழிப் பக்கம் அவள் போகவே இல்லை. "உங்க அண்ணனும் அந்தக் கொட்டகையிலதான இருந்தாரு? போய்ப் பாக்கலியா?" என்று திருமலை கேட்டதற்கு, "எங்கண்ணன் வேலி தாண்டிப் போனவரு. அங்க இன்னா வேல எனக்கு? நீ மொளகாய கடி," என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் சல்லடையில் ஒரு மூக்குத்தி வந்தது. குழியின் ஓரத்தில் கலையாமல் முழுசாகக் கிடந்த ஓர் எலும்புக்கூட்டின் முகத்துக்கடியில் இருந்த மண்ணில்.

கோதண்டம் அதைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா," என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்கும் நிம்மதி. பெண் என்று எழுதி, உரியவரிடம் கொடுத்துவிட்டால் ஒன்று முடிந்தது.

டாக்டர் மட்டும் எழுந்து நின்று, "இது ஆம்பள," என்றார்.

"இன்னாம்மா சொல்றீங்க? மூக்குத்தி கீதே!" என்றார் கோதண்டம்.

"மூக்குத்தி இருக்கு. ஆனா இடுப்பெலும்பு ஆம்பளையோடது, மண்டையும் ஆம்பளையோடது. இருபதுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள. மூக்குத்தி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அது தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"படிச்சவங்க இப்படித்தான். கண்ணுக்கு முன்னாடி கீறத நம்பமாட்டாங்க," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அன்று மதியம் டாக்டர் கூழ்க்கடைக்கு வந்தார். பலகையில் உட்கார்ந்து ஒரு சொம்பைக் காலி செய்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏம்மா, உங்க பக்கம் ஆம்பளைங்க யாராவது மூக்கு குத்துவாங்களா?"

பாப்பம்மாள் அகப்பையை விட்டுக் குண்டானை அடிவரை கிளறினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டரம்மா," என்றாள். "ஆம்பள எதுக்கு மூக்கு குத்துறான்?"

அன்று சாயங்காலம்தான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாள். நான் எழுந்து போன பிறகும் கடையை மூடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கோதண்டத்துக்கு அம்மா கிடைப்பாள். ரங்கூனில் மில் ஓடும். அண்ணிக்குத் தாலி நிற்கும், பிள்ளைகளுக்கு அப்பன் இருப்பான். அந்தப் பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூட வைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீடு கொய்யா மரத்தோடு சேர்ந்து இல்லாமல் போய்விடும்.

மறுநாள் காலையில் கோதண்டம் கடைக்கு வந்தார். டாக்டர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மேலிடத்தில் பேசி எலும்பை வாங்கிவிடலாம் என்று யாரோ அவருக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பை. ஆசையாகப் பிரித்துக் காட்டினார்.

"பாருக்கா. காஞ்சிபுரம் போய் எடுத்தாந்தேன். பச்சை கலரு, அரக்கு பார்டரு. அம்மாவுக்குப் படைக்கறதுக்கு."

பாப்பம்மாள் அந்தச் சேலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

"இன்னாக்கா? கலரு நல்லா இல்லியா?"

"கலரு நல்லாத்தான் கீது கோதண்டம். ஆனா எங்கண்ணன் கட்டமாட்டாரே," என்றாள். "ஆம்பளயப் போயி பொடவைய கட்டச் சொல்றியே! கல்யாணம்கூட ஆவாத மனுசன்டா அவரு."

கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு குழியை நோக்கி நடந்தாள். கூழ்க்கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. குடித்துக்கொண்டிருந்தவர்கள் தாங்களே காசைத் தட்டில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

டாக்டரிடம் போய்த் தவிட்டுக்கு வாங்கியது, மூக்குக் குத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். "நேத்து பொய் சொன்னேன். தப்புதான்."

டாக்டர் கோபிக்கவில்லை. ஒரு முக்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார். "மூக்கு குத்தின ஆம்பளை இன்னொருத்தரும் இருந்திருக்கலாம் இல்லையாம்மா? இவர் உடம்புல ஒரு அடையாளம் இருக்கு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல, திருமலைகிட்டகூட. நான் சொன்னா நீங்க ஆமான்னுதான் சொல்வீங்க. அதனால உங்க அண்ணனைப் பத்தி நீங்களே சொல்லுங்க. எல்லாத்தையும்."

பாப்பம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். சுருட்டை முடி. மாநிறம். தெருக்கூத்துப் பாட்டென்றால் உயிர், வயலில் பாடினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவார். பலாச்சுளை என்றால் வீட்டுக்கு மிச்சம் வராது.

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"பாட்டெல்லாம் எலும்புல தெரியாதா டாக்டரம்மா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

"வேற இன்னா சொல்றது… கோயிலுக்குப் போனா அண்ணனுக்குத் தீர்த்தம் மட்டும் வாங்க வராது. ஊத்துனதெல்லாம் கீழ ஊத்திக்கும். ஐயரு திட்டுவாரு. நான் குட்டிப் பொண்ணு, கெக்கேன்னு சிரிப்பேன். அப்புறம் இடது கைய கீழ வெச்சுத் தாங்கிக்குவாரு."

டாக்டரின் பேனா நின்றது. "ஏன் ஊத்திக்கும்?"

"கை திரும்பாது. சின்னதுல புளியமரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு. கட்டு கட்டி ஒட்டிக்கிச்சு. ஆனா உள்ளங்கை மேல பாத்து திரும்பவே இல்ல. இப்படி, பக்கவாட்டுலயே நிக்கும்."

"எந்தக் கை?"

"சோத்தாங்கை."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து வெள்ளைத்துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் இரண்டு எலும்புகள் தனித்தனியாக இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று புரள்வதால்தான் நம்மால் உள்ளங்கையைத் திருப்ப முடிகிறது என்று விளக்கினார். துணிக்குள் இருந்த இரண்டும் நடுவில் முடிச்சுப்போட்டதுபோல ஒன்றாக வளர்ந்திருந்தன. வலது கை.

"இந்தக் கையில தீர்த்தம் நிக்காதும்மா," என்றார் டாக்டர்.

பாப்பம்மாள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். அந்த முடிச்சின்மேல் விரலை வைத்தாள். "இங்கதான் கீறியா?" என்றாள். "நம்ம வூட்டுலேர்ந்து மூணு மைல்ல படுத்துக்கினு, எம்மாந்தூரத்துக்கு உன்ன அனுப்பிட்டேன் நான்!" கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த லாரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கோதண்டம்தான் முதலில் வாயைத் திறந்தார். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ஒரு ராத்திரி முழுக்க எங்கம்மாவ என்கிட்ட குடுத்துட்டு, இப்ப புடுங்கிக்கினியே!"

"ஆமாண்டா. புடுங்கிக்கினேன். திட்டு," என்றாள் பாப்பம்மாள். "நல்லா திட்டிட்டு ஒக்காரு."

அவர் திட்டவில்லை. உட்கார்ந்தார். குழியில் நான்கு பெண்கள் இருந்தார்கள் என்றும், அவர் அம்மாவின் வயதுக்கு இரண்டு பேர் பொருந்துகிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். அதில் எது அவர் அம்மா என்று சொல்ல முடியுமா என்று கோதண்டம் கேட்டார். டாக்டர் நேராக அவர் கண்ணைப் பார்த்து, "முடியல. பொய் சொல்ல எனக்கு மனசில்ல," என்றார்.

"ரெண்டுல ஒண்ணு எங்கம்மாதான?"

"இருக்கலாம். கொட்டகைக்கு வேற குழியும் இருந்திருக்கலாம்."

கோதண்டம் சேலைப் பையை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கினார். அதைப் பார்த்துவிட்டுப் பாப்பம்மாள் கேட்டாள்.

"கோதண்டம், எனக்குப் பொறந்தது ஒரே பொண்ணு. அது கட்டிக்கினு போன எடம் தூரம். எங்கண்ணனுக்குக் கொள்ளி வெக்க ஆள் இல்ல. நீயும் அவரும் ஒரே கொட்டகைல இருந்தவங்க. நீ வெக்கிறியா?"

"நானா?"

"உன்னத் தூக்கி வெச்சுக் கொஞ்சிக்கூட இருப்பாரு. பசங்கன்னா உசுரு அவருக்கு."

கோதண்டம் மூக்கை உறிஞ்சினார். "பலாப்பழத்த யாருக்கும் தராத ஆளுன்ன?"

"அத மட்டும் தரமாட்டாரு," என்றாள் பாப்பம்மாள்.

கோதண்டம்தான் கொள்ளி வைத்தார். ஆடி அமாவாசையன்று ஸ்ரீபெரும்புதூர் கோயில் குளத்தங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பெயர் என்ன என்று ஐயர் கேட்டதற்கு "குப்பன்" என்றார். உறவு என்ன என்று கேட்டதும் முழித்தார். பின்னால் நின்றிருந்த பாப்பம்மாள், "மாமன்னு சொல்லுடா," என்று அதட்டினாள். அடுத்து அம்மா பெயரையும் சொல்லி இறைத்தார். மூக்குத்தியைப் பாப்பம்மாளே வல்லக்கோட்டைக்கு எடுத்துப்போய், அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்தாள். அன்று வீட்டில் அண்ணனுக்கு முதல் இலை போட்டாள். கருவாட்டைப் படைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்குள் சண்டையே வந்தது. கடைசியில் பலாச்சுளை வைத்தாள்.

மற்ற பதின்மூன்று பேரை எரிக்கவேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். எரித்துவிட்டால் பிறகு யாராவது தேடி வந்தாலும் அடையாளம் சொல்ல முடியாது. தனித்தனிப் பானைகளில் இட்டுப் புங்கேரிச் சுடுகாட்டின் ஓரமாகப் புதைத்திருக்கிறோம். நானும் மண் தள்ளினேன். அதில் இரண்டு பானைகளின்மேல் கோதண்டம் அந்தப் பச்சைச் சேலையை இரண்டாகக் கிழித்துப் போர்த்தினார்.

அவர்களைப் பற்றி டாக்டர் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஒருவருக்கு இடது கால் வலதைவிடக் கட்டையாக இருந்தது, விந்தி நடந்திருப்பார். நடுவயதுக்காரர் ஒருவருக்கு மேல் முன்பல்லில் பாதி உடைந்து, உடைந்த இடம் மழுங்கியிருந்தது. ஒரு பெண்ணுக்கு வெற்றிலைக் காவி பற்களின் வேர்வரை ஏறியிருந்தது. நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் இடுப்பருகே செம்புத் தாயத்து கிடந்தது. இவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்திருக்கும். அந்த வீட்டில் யாராவது இன்னமும் இலை போடாமல் இருக்கலாம்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வெளியூர் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். விந்தி நடந்தவரையோ உடைந்த பல்லையோ தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் காதில் விழும்வரை இந்தக் கதையை வாய்க்கு வாய் கடத்துங்கள்.